கங்கா நூற்று நாற்பத்தாறு

கம்ப்யூட்டரில் இருந்த சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதில் எங்கள் போர்வெல் கம்பெனி வாடிக்கையாளர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேரின் பெயரும் ஊரும் போன் நம்பரும் மொத்தமாகப் போய்விட்டன.

போட்ட ஆள்மேல் குற்றமில்லை. "காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் அழித்தார். மூன்று தடவையும் முதலாளி பொங்கியண்ணன் சாமி படத்துக்குக் கீழே கையைக் காட்டினார். அங்கே பென் டிரைவ் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆறு வருஷமாக ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ரிக் வண்டிக்கும் கம்ப்ரஸருக்கும் ஸ்பேனர்களுக்கும் சந்தனம் அப்பிய கையோடு அதற்கும் அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்து, மறு வருஷம் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் அப்பி, அதன் வாய் சிமெண்ட் வைத்தாற்போல அடைத்துக் கிடந்தது. ஊசியால் குத்தினோம். தண்ணீரில் ஊறப் போட்டோம். சந்தனம் மணத்தது. அவ்வளவுதான்.

நான் ராக்கியப்பன். முப்பது வருஷம் ரிக்கில் நின்று பூமியைத் துளைத்தவன். கம்ப்ரஸர் சத்தத்தில் காது முக்கால்வாசி போனபிறகு என்னை ஆபீஸில் உட்கார வைத்தார்கள். எனக்கு நேர் எதிரே கம்ப்யூட்டர் புள்ள. ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாக அங்கே டைப் அடிக்கிறாள். வந்தபோது முப்பத்து மூன்று, இப்போது நாற்பத்து நான்கு. வயது ஏறினாலும் எங்களுக்கு அவள் கம்ப்யூட்டர் புள்ளதான்.

தண்ணீர் வந்தவர்களெல்லாம் நாலே நாளில் திரும்பக் கிடைத்துவிட்டார்கள். டிரைவர்கள் போனில், விசிட்டிங் கார்டில், பில் புக்கின் பின்னட்டையில், லாரி கேபின் தகரத்தில் ஆணியால் கீறியதில், எங்கெங்கோ இருந்து ஒவ்வொரு நம்பராகப் பொறுக்கி அவள் திரும்ப ஏற்றினாள். தண்ணீர் வந்தவன் நம்பரை எல்லாரும் வைத்திருப்பார்கள், பொங்கலுக்குக் கரும்பு வரும், கோயில் நோம்பிக்குக் கறி விருந்து வரும். வராதவன் நம்பரை எவன் வைத்திருப்பான்? கூப்பிட்டால் வசவுதான் வரும்.

வராதவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தார்கள். அதிலும் 'ஃபெயில்' என்று எழுதி அல்ல, அந்தச் சொல்லை எங்கள் தொழிலில் எழுத மாட்டோம், எழுதினால் அடுத்த குழியும் அப்படியே போகும் என்று ஒரு பயம். அதனால் தண்ணீர் வராத குழிக்கெல்லாம் கங்கா என்று பெயர். கங்கா ஒன்று, கங்கா இரண்டு என்று இருநூற்றுப் பன்னிரண்டு வரைக்கும். ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீருக்குப் பதில் கல்தூள் புகையாக வந்ததென்றால், அந்தத் தோட்டத்துக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில், எங்கள் ஆபீஸில் ஒரு கங்கா கூடும்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இப்போது எதற்கு என்றால், அதற்கு முந்தின மாதம் காட்டுவலசில் மூடாத குழி ஒன்றில் ஆட்டுக்குட்டி விழுந்தது. நாங்கள் போட்ட குழி. ஒன்றரை நாள் உள்ளேயிருந்து கத்தியது. எனக்குக் கேட்கவில்லை. முதலாளிக்குக் கேட்டது. அங்கேயே நின்று அவர் சொன்னார்: "ஆட்டுக்குட்டியோட போச்சு. நாளைக்கு ஒரு குழந்தை விழுந்தா நாம சோறு திங்க முடியுமாடா?" மறுநாளே லிஸ்டைப் பார்த்து இருநூற்றுப் பன்னிரண்டு இரும்பு மூடி வெட்டச் சொல்லி லாரியில் ஏற்றியாயிற்று. ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, இடம் கேட்டு, போய் மூடிவிட வேண்டும் என்று ஏற்பாடு. மூடி ஏறிய மூன்றாம் நாள் லிஸ்ட் போனது. மூன்று மாவட்டம், நாலு ரிக், மாறிப்போன எத்தனையோ ஆட்கள். எது எங்கே என்று யாருக்குத் தெரியும்? சோளம் முழங்காலுக்கு வந்துவிட்டது. இன்னும் நாற்பது நாளில் ஆள் உயரம் வளரும். வளர்ந்துவிட்டால் குழி எங்கே, வரப்பு எங்கே என்று அந்தத் தோட்டத்துக்காரனுக்கே தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வேலாத்தாவலசில் குழி பேசியது.

களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் முதலில் ஏதோ விளம்பர வண்டி என்று நினைத்தார்கள். பிறகு ரேஷன் கடையில் சீனி வந்துவிட்டது என்று சொல்கிறார்களோ என்று காதைத் தீட்டினார்கள். வண்டியும் இல்லை, ரேஷனும் இல்லை. வரப்போரத்துக் குழிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், அவசரமில்லாமல், தெளிவாக, "கங்கா முப்பத்தொம்போது. வேலாத்தாவலசு. எண்ணூத்தி இருவது அடி, புகை" என்று சொல்லி, ஒரு போன் நம்பரை இலக்கம் இலக்கமாக விட்டுவிட்டுச் சொல்லி, "பேரு, குப்பண்ணன். சரிங்களாண்ணா?" என்று கேட்டு, ஒரு மூச்சு காத்திருந்து, பதில் வராததால் மறுபடி கங்கா முப்பத்தொம்போதிலிருந்து ஆரம்பித்தது. ஒரு மணிக்கு நின்றது. இரண்டு மணிக்குத் திரும்பத் தொடங்கி ஐந்து மணிக்கு முடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பேசவில்லை.

அது கம்ப்யூட்டர் புள்ளயின் குரல். அவள் வேலை செய்கிற விதமே அதுதான். குழி போட்ட இடத்திலிருந்து டிரில்லர் போனில் விவரம் சொல்லுவான், அவள் டைப் அடித்துக்கொண்டே உரக்கத் திருப்பிப் படிப்பாள், கடைசியில் "சரிங்களாண்ணா?" என்பாள், அவன் "சரி, ஏத்திக்க" என்று சொன்னால்தான் பட்டனைத் தட்டுவாள். சொல்லாவிட்டால் விடமாட்டாள். மறுபடி முதலிலிருந்து படிப்பாள். பதினோரு வருஷம் இப்படித்தான்.

அந்த வாரத்துக்குள் மூன்று மாவட்டத்திலும் மூடாத கங்காவெல்லாம் பேசத் தொடங்கிவிட்டன. ஏன் என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "லாரில டீசல் இருக்குதா?"

கிளம்பிவிட்டோம். ஜீப்பில் நானும் அவளும். பின்னால் லாரியில் மூடிகள், ஜெனரேட்டர், வெல்டிங் மாதேசு. குழி சொல்வதை அவள் குனிந்து கேட்டு நோட்டில் எழுதுவாள். எழுதி முடித்துக் கையைத் தூக்குவாள். நான் குழி வாயில் குனிந்து "சரி, ஏத்திக்க!" என்று கத்துவேன். குரல் நிற்கும். மாதேசு மூடியை வைத்து வெல்டிங் அடிப்பான். அவளே ஒருமுறை "சரி" சொல்லிப் பார்த்தாள், குழி ஒத்துக்கொள்ளவில்லை. ரிக்கில் நின்றவன் சொன்னால்தான் அதற்குச் சரி.

எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்கள் குழியோடு ஒருவிதமாகக் குடித்தனம் நடத்தப் பழகிவிட்டிருந்தார்கள். மினி பஸ் கண்டக்டர் "கங்கா எம்பத்தொண்ணு எறங்கு" என்று கூவினார். நிலம் வாங்க வருகிறவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்து வரப்பில் போட்டுக்கொண்டு பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, எங்கும் சத்தமில்லை என்று தெரிந்தபிறகே பத்திரத்துக்குப் போனார்கள். ஒரு தோட்டத்தில் அடுத்தடுத்து மூன்று குழியும் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கிட்டுக்கொண்டிருந்தன, அன்றைக்குப் பார்த்துப் பையனுக்கு நிச்சயம் பேசப் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். பையனின் அப்பா ஓடிப்போய் ஒரு சின்ன இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நடுக்குழிக்குள் திணித்தார். மெத்தை உள்ளே போய்விட்டது. குரல் மெத்தென்று வந்தது.

"கொஞ்சம் கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க சம்பந்தி" என்றாராம் பெண்ணின் அப்பா. நிச்சயம் நடந்துவிட்டது.

இன்னொரு ஊரில் குழியை மறைக்க அதன்மேல் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சாமியாக்கி வைத்துவிட்டு நிலத்தை விற்றுப் போயிருந்தார் ஒருவர். சாமி போன் நம்பர் சொன்னால் சும்மா விடுவார்களா? நாங்கள் போனபோது பொங்கல் வைத்து வரிசையில் நின்றார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு நூறு போன் போயிருக்கிறது. கல்யாணம் ஆகுமா, மாடு சினை பிடிக்குமா, பையன் பாஸாவானா என்று. முதல் இரண்டு நாள் மறுத்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாளிலிருந்து, "நடக்கும் போங்க" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறார். பாதி நடந்தும் விட்டதாம். கல்லை நகர்த்த விடமாட்டோம் என்று ஊர் மறித்தது. நான் தள்ளச் சொன்னேன். மூடியை அடித்துவிட்டு அதன் மேலேயே கல்லை நட்டுக் கொடுத்தோம். சாமி அதன்பிறகு பேசவில்லை என்று இன்றைக்கும் என்மேல் அவர்களுக்குக் கோபம்.

மறைத்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்.

"மூடியாச்சுங்களே! அன்னைக்கே மூடியாச்சுங்க!"

போய்ப் பார்த்தால் இரண்டு முள், ஒரு கிழிந்த சாக்கு, ஒரு பனைமரச் சிராய். கீழே ஆயிரம் அடி. "மூடியாச்சு" என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று அவள் நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு வந்தாள். எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்டேன். "சும்மாங்கண்ணா" என்றாள்.

சித்தம்பாளையத்தில் பாவாயி என்று ஒருத்தி, தனிக்கட்டை, குழிக்குப் பக்கத்தில் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். மூட விடமாட்டேன் என்று குறுக்கே படுத்துவிட்டாள்.

"எங்கூட்ல பேசறக்கு ஆளில்லீங்க. இது ஒண்ணுதான் பொழுதன்னைக்கும் சரிங்களா சரிங்களான்னு கேக்குது. எம்மவன்கூட என்னயக் கேட்டதில்ல. நீங்க பாட்டுக்கு வாய அடைச்சுப்புட்டு போயிருவீங்க."

"எந்திரிங்க. நேரமாச்சு" என்றேன்.

"இவுருக்கு என்ன, காது கேக்காது. ஏங்கண்ணு, நீ சொல்லு."

கம்ப்யூட்டர் புள்ள குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் கையிலிருந்த போனை வாங்கி, தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். "அது என்ர கொரல்தானுங்க. பத்து மணிக்கு மேல கூப்புடுங்க. ஒரு மணிக்குச் சோறு." பாவாயி அவள் முகத்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டிலை இழுத்துக்கொண்டாள். இன்றுவரை தினமும் பத்தேகாலுக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் புள்ளயின் போன் அடிக்கிறது.

இருபத்தைந்தாம் நாளோ என்னவோ, சாப்பிடுகிற நேரத்தில் மாதேசு சொன்னான்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நூத்தி நாப்பத்தஞ்சு வரைக்கும் உங்க கொரலு ஒரு மாதிரி, பாட்டுப் படிக்கிற மாதிரி இருக்குது. அதுக்கு மேல உள்ளதெல்லாம் தந்தி வாசிக்கிற மாதிரி இருக்குது. அப்ப ஏதாச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?"

அவள் பாதிச் சோற்றோடு தூக்குப்போசியை மூடிவிட்டாள்.

முப்பத்தேழாம் நாள் லாரியில் ஒரே ஒரு மூடி மிஞ்சியது. சோளம் தலைக்கு மேலே நின்றது. இருநூற்றுப் பதினோரு பேரின் பெயரும் ஊரும் நம்பரும் நோட்டில் இருந்தன. கங்கா நூற்று நாற்பத்தாறு மட்டும் இல்லை. எந்த ஊரிலிருந்தும் அந்த எண்ணைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மினி பஸ் கண்டக்டர்களைக் கேட்டோம். மடக்கு நாற்காலிக்காரர்களைக் கேட்டோம். அது பேசவில்லை. இருநூற்றுப் பதினொன்று போதாதா என்று யாரோ டிரைவர் சொன்னான்.

"போதாதுடா. அதுலதான் விழும்" என்றார் முதலாளி. "அந்த மூடி லாரிய விட்டு எறங்கற வரைக்கும் ஒரு ரிக்கும் வெளிய போகாது."

நாலு ரிக்கும் ஷெட்டில் நின்றன. இரண்டு நாள் நின்றன. மூன்றாம் நாள் காலை நான் வந்தபோது அவள் ஆபீஸுக்குள் போகாமல் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எடுங்கண்ணா."

"எங்க?"

"நான் சொல்றேன், எடுங்க. மாதேசையும் வரச் சொல்லுங்க."

பைபாஸ் தாண்டினதும் பேசத் தொடங்கினாள். கண்ணாடியைப் பார்த்துப் பேசினால் எனக்குக் கேட்காது என்று என் காதுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பேசினாள்.

"நூத்தி நாப்பத்தாறு எடம் எங்கப்பன் எனக்குச் சீரா எழுதி வெச்ச ரெண்டு ஏக்கரா. ஊட்டுக்காரரு போர் போட்டே தீருவேன்னாரு. ரெண்டாம் வண்டி போச்சு. நீங்க அப்ப ரிக்கோட ஒடிசாவுல. ஆயிரத்தி நூத்தி நாப்பது அடி, வெறும் புகை. டிரில்லரு போன்ல சொல்றாரு, ஆபீஸ்ல முதலாளி இருக்காரு, நாலு டிரைவருங்க ஒக்காந்து டீ குடிச்சுட்டு இருக்காங்க. நெலம் எம்பேர்ல, அது அங்க யாருக்கும் தெரியாது. எம்பேரையே கங்கான்னு எப்படிங்கண்ணா சத்தமா படிக்கறது? படிக்கல. வாயே தெறக்காம அடிச்சேன். அது ஒண்ணுதான்."

நான் கியரை மாற்றினேன்.

"தெரிஞ்சுக்கிட்டே நாப்பது நாளு சும்மா இருந்தியா?"

"மூடிட்டேன்னு சொன்னாருங்கண்ணா. நெலத்த சைட்டு போடறவங்களுக்கு வித்தப்பவும் கேட்டேன், மூடியாச்சு மூடியாச்சுன்னாரு. அவரும் போயி நாலு வருசமாச்சு. மூடியிருப்பாரு, அதான் சத்தமில்லன்னு இருந்தேன்." நோட்டைப் பிரித்து ஓரத்தைக் காட்டினாள். கோடு கோடாகப் போட்டிருந்தாள். "எம்பத்தி மூணு பேரு மூடியாச்சுன்னு சொன்னாங்க. ஒருத்தராச்சும் மூடியிருந்தாங்களா?"

கொஞ்சம் வேகமாக ஓட்டினேன்.

நிலம் இப்போது வீட்டு மனையாகிவிட்டது. நட்ட கற்கள், வெள்ளை அடித்த ஆர்ச், ஆறேழு வீடுகள், பாதி எழும்பிய இன்னும் இரண்டு. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே எம்-சாண்ட் குவியல். அதன்மேல் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பிளாஸ்டிக் மக்கை வைத்து மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. வேப்பமரம் இல்லை, வரப்பு இல்லை, கிணற்று மேடு இல்லை. கம்ப்யூட்டர் புள்ள நடு ரோட்டில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"படி" என்றேன்.

"என்னங்கண்ணா?"

"அன்னைக்குப் படிக்காததை இன்னைக்குப் படி. அதுக்குத்தான காத்துக்கிட்டு கெடக்குது."

வாய் அசைந்தது.

"கேக்கல" என்றேன்.

"கங்கா நூத்தி..."

"கேக்கல! சத்தமா!"

"எல்லாரும் பாக்கறாங்கண்ணா."

"பாக்கட்டும். எனக்குக் கேக்கற வரைக்கும் படி."

முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஆபீஸில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற மாதிரி காலை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, அவள் சத்தம் போட்டுப் படித்ததில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது, சென்ட்ரிங் பலகை மேல் நின்ற கொத்தனார் கரணையை வைத்துவிட்டுத் திரும்பினார், மின்கம்பத்து மைனாக்கள் எழுந்துபோயின, எனக்கே கேட்டது. கங்கா நூத்தி நாப்பத்தாறு! அத்திக்காட்டு வலசு! ஆயிரத்தி நூத்தி நாப்பது அடி, புகை! பிறகு நம்பர், ஒவ்வொரு இலக்கமாக. கடைசியில் பேர் வந்த இடத்தில் குரல் உடைந்து உள்ளே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

குழிக்குக் கேட்டுவிட்டது. குரல் வந்த பக்கம் மாதேசு விறைத்துப்போய்க் கையை நீட்டினான். நீட்டிய இடம் மணல் குவியல்.

நான் அடி எடுத்து வைப்பதற்குள் அவள் ஓடிவிட்டாள். மணலில் முழங்கால் புதைய ஏறி, மக்கோடு சேர்த்துக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, இறங்கி, ரோட்டின் மறுபக்கம் போய் நின்றபிறகுதான் மூச்சு விட்டாள். குழந்தை உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி மணலில் சோற்றுக் குழி மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அதன் நடுவில் மணல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தாய்க்காரி சோப்புக் கையோடு எழுந்து நின்றாள்.

கொத்தனாரும் மாதேசும் நானும் மண்வெட்டி போட்டோம். மணல், அதற்குக் கீழே ரப்பிஷ், அதற்குக் கீழே நாலு பனந்துண்டு, ஊறி ஊறிப் பிண்ணாக்காய்ப் போயிருந்தது. கையால் அழுத்தினால் அமுங்கியது. எடுத்துப் போட்டோம். ஆறரை அங்குல கேசிங் பைப் கறுப்பாக வாயைத் திறந்தது. மாதேசு கடைசி மூடியைத் தோளில் தூக்கி வந்தான். ஜெனரேட்டர் ஓடியது.

"அண்ணா, சரி சொல்லுங்க, கேக்குது பாருங்க" என்று சைகை காட்டினான்.

எழுதாமல் சரி சொல்லக் கூடாது. நோட்டை எடுத்தேன். நூற்று நாற்பத்தாறு என்று போட்டேன். ஊர் எழுதினேன், அடி எழுதினேன். பேர் என்ற இடத்தில் பேனா நின்றது. இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தவன். அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், தாய்க்காரி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள், அங்கே போய் உன் பேர் என்ன என்று கேட்க எனக்கு முகமில்லை.

ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். மணலில் மண்டிபோட்டுக் குனிந்து, நல்ல காதை அந்த இரும்புப் பைப்பின் விளிம்பில் அழுத்தி வைத்தேன். குளிர்ந்திருந்தது. நாற்பது நாளில் ஒரு குழியும் எனக்குக் கேட்டதில்லை. இது எலும்பு வழியாக ஏறி வந்தது, ஊர், அடி, நம்பர் எல்லாம் வரிசையாக, வாயைத் திறக்காமல் அடித்த அன்றைக்கே படித்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி, பாட்டுப் படிக்கிற மாதிரி, கடைசியில் பேர்: துளசிமணி.